நாலாம் கேட்டின் பூஜ்ஜியங்கள்

மார்ச் 4, புதன்

காலையிலேயே ஒருத்தனோடு சண்டை. யூடியூபில் பொருளாதாரக் கணக்குச் சொல்லித்தரும் கணக்கண்ணனின் வீடியோவுக்குக் கீழே வந்து, ஏரிக்கெல்லாம் விலை போடுவீர்களா, அடுத்தது காற்றுக்கா என்று எழுதியிருந்தான். விடுவேனா? நம்ம ரசிகர் குரூப்பின் வழக்கமான பதிலைத் தூக்கிப் போட்டேன்: "முதல்ல எட்டாவது வீடியோவப் பாத்துட்டு வா தம்பி. கூட்டல் தெரியாதவன் எல்லாம் கருத்து சொல்ல வந்துட்டான்." அது குரூப் அட்மினான நான் எழுதிய வரி. குரூப்பில் இருக்கிற பதினோராயிரம் பேரும் இப்போது அதைத்தான் காப்பி அடிக்கிறார்கள். பெருமைதான், ஏன் மறைக்கணும்?

ஆனால் இன்றைய சங்கதி அது இல்லை. வேலை கிடைத்துவிட்டது. ஏரிக் கணக்கெடுப்பு!

சாக்கடைக் குழாயைத் திருப்பிவிட்டு ஏரி சுத்தமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சுத்திகரிப்பைத் தொடர்ந்து நடத்தலாமா, நடத்தினால் கரையில் எதை எங்கே கட்டலாம் என்று நகராட்சி முடிவு பண்ண வேண்டும். அதற்கு, இந்தச் சுத்தமான தண்ணீர் ஜனங்களுக்கு எவ்வளவு பெறும் என்று தெரிய வேண்டும். ஏரிக்கு டிக்கெட் இல்லை, கடையில் விற்கிற சாமானும் இல்லை. பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் எட்டாவது வீடியோ. ஒருத்தர் அங்கே வந்து சேர எவ்வளவு தூரம் வருகிறார், எவ்வளவு செலவழிக்கிறார், எத்தனை தடவை வருகிறார் — அதை வைத்தே பிடித்துவிடலாம். அறுபது கிலோமீட்டர் பெட்ரோல் போட்டு வருகிறவனுக்கு அந்த ஏரி குறைந்தது அந்தப் பெட்ரோல் அளவாவது பெறும். முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. காலேஜ் வாசலை மிதிக்காத எனக்கு இதையெல்லாம் சொல்லித் தந்தது அவர்தான்.

இந்தக் கணக்கெடுப்பை எடுத்து அலசப்போவதும் அவரேதான். கணக்கண்ணன். நான் வாங்கி வருகிற ஃபார்ம் அவர் கைக்குப் போகும்.

ஒரே கடுப்பு — எனக்குக் கொடுத்தது நாலாம் கேட். எங்கள் தெருக்கோடியில், டிரான்ஸ்ஃபார்மருக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில் இருக்கிற துருப்பிடித்த கேட். மேற்பார்வை மேடத்திடம் மெயின் கேட் கேட்டேன். அந்தப் பக்கத்து ஆட்களை உனக்குத்தான் தெரியும் என்று முடித்துவிட்டார். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஃபார்மில் வரிவரியாக அதை வைத்து வைத்துப் படிக்கிறார். ஸ்கேல் மேடம் என்று பேர் வைத்தாயிற்று.

மார்ச் 7, சனி

முதல் ஃபார்ம் அம்மா. வேறு யார், ஐந்தே முக்காலுக்கு.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் இஸ்திரி வேலை. எட்டு மணி நேரம் நின்றே முட்டி போய்விட்டது. டாக்டர் இடுப்பளவு தண்ணீரில் நடக்கச் சொன்னார். முன்பென்றால் அந்த ஏரியில் கால் வைத்தால் கால்தான் போயிருக்கும். இப்போது நாலாம் கேட் படிக்கட்டில் இறங்கி, தினமும் அரை மணி நேரம் கரையோரமாகவே போய்வருகிறாள். கூட ஆறு பெண்கள். ஏழு பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரிசையாக நடப்பதைப் பார்த்தால் ஏதோ ஊரைப் பிடிக்கப் போகிற படை மாதிரி இருக்கும்.

வேலை வேலைதானே என்று அம்மாவிடமும் முறைப்படிதான் கேட்டேன். எத்தனை நாள் வர்றீங்க? வாரத்துக்கு ஆறு. எப்படி வர்றீங்க? நடந்து. எவ்வளவு நேரம்? ஆறு நிமிஷம். இங்க வர எவ்வளவு செலவாச்சு?

"செலவா? என்னடி கேக்குற, வீட்டுலேந்து வர்றேன். பூஜ்ஜியம்னு போட்டுக்கோ."

பின்னாடியே தையல்கார அக்கா. "எனக்கு செருப்புத் தேய்மானம்னு எழுது பாப்பா. ஏரிக்காரங்க புதுசு வாங்கித் தருவாங்களானு பாப்போம்."

ஏழு பேருக்கும் ஒரே சிரிப்பு. நான் பூஜ்ஜியம் போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பஞ்சர் கடைக்காரர், பூஜ்ஜியம். ரிட்டையர்டு வாத்தியார், பூஜ்ஜியம். மெயின் கேட்டில் நிற்கிறவன் இன்று குரூப்பில் போட்டோ போடுகிறான்: ஒரே காரில் ஆறு பேர், எண்பது கிலோமீட்டர், வழியில் சாப்பாடு வேறு. அவன் ஃபார்மில் எண்கள் ஜொலிக்கின்றன. என் ஃபார்மைப் பார்த்தால் முட்டை டிரே மாதிரி இருக்கிறது.

இதையா கணக்கண்ணனிடம் நீட்டுவது? மானம் போகும்.

மார்ச் 22, ஞாயிறு

சாதித்துவிட்டேன்.

212 ஃபார்மையும் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்தேன். அப்புறம்தான் முப்பத்தெட்டாவது வீடியோ ஞாபகம் வந்தது. அதில் அவர் சொல்கிறார்: செலவுக் கட்டத்தில் பூஜ்ஜியம் இருந்தால் அது பதில் இல்லை, பதில் சொல்லாமல் தப்பித்தது, கிராஃப் கோட்டையே கோணலாக்கிவிடும், யோசிக்காமல் தூக்கு. மூன்று தடவை ரீவைண்ட் பண்ணிப் பார்த்தேன். ஃபில்டர் போட்டு, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரே தட்டு. 187 வரி போச்சு. மிச்சம் 25 — சைக்கிள், பைக், இரண்டு ஆட்டோ. பளிச்.

ஸ்கேல் மேடம் வழியாகப் போனால் ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கேல் வைப்பார். நேராகக் கணக்கண்ணனுக்கே அனுப்பினேன். நாற்பது நிமிஷத்தில் பதில்: "சுத்தமான டேட்டா. சபாஷ் தங்கச்சி."

தங்கச்சி! ஸ்கிரீன்ஷாட் எடுத்து வால்பேப்பராக வைத்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

ஸ்கேல் மேடம் கூப்பிட்டுக் குதறினார். என்னைக் கேட்காமல் ஏன் அனுப்பினாய், நடந்து வந்தவர்களை என்ன செய்தாய் என்று குறுக்கு விசாரணை. கணக்கண்ணனே ஓகே பண்ணியாச்சு என்றேன். காகித ஃபார்ம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வை என்றார். கணக்கண்ணனுக்கு ஒரு கடிதமும் எழுதப் போகிறாராம். எழுதட்டும். பொறாமை, வேறென்ன. இருபது வருஷமாக ஃபார்ம் கட்டுகிறவர், சப்ஸ்கிரைபர் ஒருத்தர்கூடக் கிடையாது.

மூட்டையைக் கொண்டுபோய் மேஜையில் பொத்தென்று போட்டேன். வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் 20, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கணக்கண்ணனின் வீடியோவும். ஏரியின் மதிப்பு எக்கச்சக்கம், சுத்திகரிப்பைத் தொடரலாம் என்று நகராட்சியும் தலையாட்டிவிட்டது. நாங்கள் ஜெயித்துவிட்டோம்!

கீழே ஒரு அறிவாளி: நடந்து வருபவர்கள் இந்தக் கணக்கில் எங்கே? எட்டாவது வீடியோவுக்கு அனுப்பிவைத்தேன். 460 லைக்.

மே 11, திங்கள்

கேட்டில் நோட்டீஸ். நாலாம் கேட் 15ஆம் தேதி முதல் நிரந்தரமாக மூடப்படுகிறது. அந்த இடத்தில் படகுக் கொட்டகையும் கார் நிறுத்துமிடமும்.

அம்மா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நகராட்சிக்காரனைத் திட்டினேன். படகுக் காண்டிராக்டரைத் திட்டினேன். ஏசி ரூமில் உட்கார்ந்து கேட்டை மூடுகிறான் பார் என்று பஞ்சர் கடை முன்னால் நின்று கத்தினேன், நாலு பேர் கூடிவிட்டார்கள். தையல்கார அக்காதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். காரணம்: பயன்பாடு மிகக் குறைவு. கணக்கெடுப்பின்படி இந்த வழியாக வந்தோர் 25 பேர்.

25.

"யாருடி அந்த இருபத்தஞ்சு பேரு? நாம ஏழு பேரு தெனம் வர்றோமே," என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். 212இல் 187 போனால் 25.

மே 12, செவ்வாய்

கணக்கண்ணனுக்கு எழுதினேன். தப்பு என்னுடையது, பூஜ்ஜியத்தை எல்லாம் தூக்கிவிட்டேன், அவர்கள் எல்லாரும் நடந்து வந்தவர்கள், நிஜமான ஆட்கள், திருத்திவிடலாம் அண்ணா என்று.

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில்:

"நடந்து வந்தவங்களச் சேத்தாலும் மொத்த மதிப்பு ரெண்டு பர்சன்ட் கூட மாறாது தங்கச்சி. அதுக்காக ரிப்போர்ட்டத் தொறந்தா எம் பேரு நாறும். சின்ன கேட்டுதானே, விடு. நீ நம்ம ஆளு."

சின்ன கேட்டுதானே.

அதே 'தங்கச்சி'தான். மார்ச்சில் வால்பேப்பர் வைத்தேன். இன்றைக்குப் படித்தால் குமட்டுகிறது.

மே 14, வியாழன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. மொதல் ஃபார்ம் என்னோடதுதானே, அதையுமா அழிச்ச என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை வைத்தாள், சாப்பிட்டேன், கழுவினேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி பேசவில்லை என்றால் ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

மே 15, வெள்ளி

வெல்டிங் வைத்தே மூடினார்கள். பூட்டுக்கூட இல்லை. நான் போகவில்லை, சத்தம் வீடு வரைக்கும் வந்தது.

மே 20, புதன்

அம்மா பஸ்ஸில் போகிறாள். தெருவைத் தாண்டி மெயின் ரோடு, அங்கே காத்திருந்து பஸ் பிடித்து, ஏரியையே ஒரு சுற்றுச் சுற்றி மெயின் கேட். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஏழு மணி ஷிஃப்டுக்கு இது நடக்கிற காரியமா? இனி சனி, ஞாயிறு மட்டும்தானாம். தையல்கார அக்காவிடம் சொன்னதை ஜன்னல் வழியாகக் கேட்டேன். என்னிடம் இன்னும் பேசவில்லை.

முட்டி வீங்கியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள். நான் கை கொடுத்தால் சுவரையே பிடிக்கிறாள்.

மே 21, வியாழன்

போட்டுவிட்டேன். குரூப்பில், என் பேரில், எல்லாவற்றையும். 187 வரியை அழித்தது நான், திருத்த மாட்டேன் என்று சொன்னது கணக்கண்ணன்.

முதல் பதில் மூன்றாவது நிமிஷத்தில்: "முதல்ல எட்டாவது வீடியோவப் பாத்துட்டு வா தங்கச்சி. கூட்டல் தெரியாதவ எல்லாம் கருத்து சொல்ல வந்துட்டா."

அடுத்ததும் அதுதான். அதற்கடுத்ததும். நூற்றுக்கணக்கில். என் வரி. என் வார்த்தை, என் முற்றுப்புள்ளி. ஒருத்தனுக்குக்கூடச் சொந்தமாகத் திட்டத் தெரியவில்லையே பாவிகளா, நானா உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன்? — ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

சாயங்காலம் அட்மினிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவர் ஒரு குட்டி வீடியோ போட்டார், புன்னகையோடு: களத்தில் ஒரு தொடக்கநிலை ஊழியருக்கு ஏற்பட்ட குழப்பம், முடிவுகளில் மாற்றம் இல்லை. தூக்கச் சொன்னது யாருய்யா? முப்பத்தெட்டாவது வீடியோ, பதினொன்றாவது நிமிஷம், உன் வாயாலதானே சொன்ன? போய்ப் பார்த்தேன். அந்த வீடியோவையே காணோம்.

போனைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. கடன் தவணை இன்னும் நாலு மாசம் இருக்கிறது. அடிக்கவில்லை.

மே 25, திங்கள்

ஸ்கேல் மேடத்திடம் போனேன். கெஞ்சப் போகவில்லை, கத்தத்தான் போனேன். உங்களுக்கு அன்றைக்கே தெரியுமே, ஏன் சும்மா இருந்தீர்கள் என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

அவர் எழுதிய மூன்று கடிதங்களை எடுத்து முன்னால் வைத்தார். மூன்றும் கணக்கண்ணனுக்கு அனுப்பியது. ஒன்றுக்கும் பதில் இல்லை.

"கோவத்தையெல்லாம் கமென்ட்ல கொட்டிட்டு வந்திருக்க. கொட்டியாச்சுல்ல? உக்காரு, ஃபார்ம் படிக்கணும்."

அலமாரியிலிருந்து என் மூட்டை வந்தது. நூல் போட்டு, நம்பர் வாரியாகக் கட்டி வைத்திருந்தார். மேலே முதல் ஃபார்ம், அம்மா. ஸ்கேலை வைத்தார். செலவுக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே நேரம் என்று ஒரு கட்டம், அதில் ஆறு நிமிஷம் என்று என் கையெழுத்து. பணம் மட்டும்தான் செலவா, வாரத்துக்கு ஆறு நாள் விடியற்காலையில் எழுந்து வருவது செலவு இல்லையா என்று கேட்டார். பதில் சொல்லாமல் தப்பித்தவர்கள் இந்த மூட்டையில் ஒருத்தர்கூட இல்லை, நீதான் அழித்து அவர்களைத் தப்பிக்க வைத்தாய் என்றார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், வாய்ப்பாடு சொல்கிற குரலில் சொன்னார்.

அப்புறம் சும்மா கேட்கிற மாதிரி, இப்போது அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்றார். பஸ்ஸில் என்றேன். வாரத்துக்கு எத்தனை நாள்? இரண்டு. முன்பு ஆறு.

ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். ஒரு தாளை இழுத்து இரண்டு புள்ளி வைத்தார். பூஜ்ஜியம் செலவுக்கு ஆறு நாள். பஸ் டிக்கெட்டும் ஒன்றரை மணி நேரமும் செலவுக்கு இரண்டு நாள். ஸ்கேலை வைத்து இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டார்.

"ஒரே ஆளு, ஒரே ஏரி, செலவு மட்டும் வேற. பூஜ்ஜியத்துக்கு என்ன மதிப்புன்னு இதைவிடத் தெளிவா எவனும் காட்ட முடியாது. காட்டணும்னா கேட்டை மூடித்தான் பாக்கணும், எவன் மூடுவான்? உங்க அண்ணன் மூடிக் குடுத்துட்டாரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, எட்டாவது வீடியோவுக்கு அப்புறம் முதல் தடவையாக. கூடவே ஆத்திரமும். நாங்க பக்கத்திலேயே இருந்தா கணக்குல இல்ல. தொரத்திவிட்டு, பஸ் ஏத்தி, முட்டிய வீங்க வெச்சாத்தான் எங்கம்மா ஒரு வரியா வருவா. என்ன கணக்குடா இது?

இதை நகராட்சியிடம் கொண்டுபோக ஒரு நிபந்தனை போட்டார். எத்தனை வரி, எந்தத் தேதி, யார் அழித்தது என்று என் பேரில் கடிதம், கையெழுத்தோடு. அதில் முப்பத்தெட்டாவது வீடியோ வரக் கூடாது. அவர் சொன்னதை அவர் எழுதட்டும், நீ செய்ததை நீ எழுது என்றார். ஏழு தடவை எழுதினேன். ஆறிலும் வீடியோ எப்படியோ உள்ளே வந்துவிட்டது.

ஜூன் 6, சனி

மெயின் கேட். புது ஃபார்மோடு நான், ஸ்கேல் மேடம் பக்கத்தில் ஸ்டூலில். ஏழு பேரில் நாலு பேர்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். தையல்கார அக்காவால் வர முடியவில்லையாம், தைக்க ஆர்டராம்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஃபார்மைப் பார்த்தாள். நேராக மேடத்திடம் போய்ப் பதில் சொன்னாள், நான் ஏதோ விளக்குக்கம்பம் மாதிரி. டிக்கெட்டைக் காட்டினாள். முன்பு ஆறு, இப்போது இரண்டு. எது இருந்தால் மறுபடி ஆறு நாள் வருவீர்கள் என்று மேடம் கேட்டார்.

"கேட்டு இருந்தா."

மேடம் அதை அப்படியே எழுதினார். மிச்ச மூன்று பேரிடமும் நான் கேட்டேன். பதில் சொன்னார்கள், முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 29, திங்கள்

நகராட்சியில் விசாரணை. மின்விசிறிக்குக் கீழே நாலு அதிகாரிகள், சுவரில் பெரிய டிவி, டிவிக்குள் கணக்கண்ணன். பின்னாடி புத்தக அலமாரி, மைக், அதே புன்னகை. மூன்று வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் தூங்கப் போனேன். சவுண்டைக் குறைக்க ரிமோட் எங்கே என்று தேடினேன்.

ஏழாவது கடிதத்தைப் படித்தேன். எட்டே வரி. அதற்கு எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

இந்தப் பெண்ணுக்கு டேட்டா பற்றி என்ன தெரியும் என்றார் அவர். ஒன்றும் தெரியாது சார், அதனால்தான் அழித்தாள் என்றார் மேடம். முழுத் தாளை மேஜையில் விரித்தார். 212 வரியும் அதில் இருந்தது. அதற்கு மேலே இரண்டு புள்ளி, ஒரு கோடு. பூஜ்ஜிய வரிகளை எடுக்கச் சொன்னது யார் என்று ஒரு அதிகாரி டிவியைப் பார்த்துக் கேட்டார். நெட் பிரச்சினை போல, அவர் முகம் அப்படியே உறைந்து நின்றது. வாய் பாதி திறந்து.

நம்பவில்லை நான், நெட் பிரச்சினையை.

ஜூலை 3, வெள்ளி

உத்தரவு: மறு கணக்கெடுப்பு வரைக்கும் நாலாம் கேட் திறந்திருக்கும். படகுக் கொட்டகை மூன்றாம் கேட் பக்கம். இனி நான் டேட்டா ஏற்றக் கூடாது, ஃபார்ம் மட்டும் வாங்கலாம். சம்பளம் பாதி. மேடத்திடம் நியாயமா என்றேன். "நியாயமா, அநியாயமானு நீ கேக்குற," என்றார்.

சரிதான்.

ஜூலை 8, புதன்

வெல்டிங்கை அறுத்தார்கள். இந்தத் தடவை போய் நின்றேன். பஞ்சர் கடைக்காரர் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஆகஸ்ட் 10, திங்கள்

மறு கணக்கெடுப்பு, முதல் நாள். ஐந்தே முக்கால். நாலாம் கேட்.

முதலில் வந்தது அம்மா. வீட்டில் இப்போது 'தண்ணி பிடிச்சு வை', 'கதவச் சாத்து' அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. அதற்கு மேல் இல்லை. மேடத்தைத் தேடினாள். மேடம் இன்று மூன்றாம் கேட்டில். நான்தான் இருந்தேன். நின்றாள்.

எத்தனை நாள் வர்றீங்க என்று கேட்டேன். ஆறு. எப்படி வர்றீங்க? நடந்து. எவ்வளவு நேரம்? எட்டு நிமிஷம். மார்ச்சில் ஆறு.

"இங்க வர எவ்ளோ செலவாச்சு?"

அம்மா குனிந்து என் பேனாவைப் பார்த்தாள்.

"பென்சிலா, பேனாவா?"

"பேனா."

"பூஜ்ஜியம்."

எழுதினேன். ஃபார்மை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த ஃபார்மில் கையெழுத்துக்கு இடமே கிடையாது. படியில் இறங்கும்போது சுவரை அல்ல, என் தோளைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு படி வரைக்கும். பிறகு தண்ணீர்.

அடுத்தது தையல்கார அக்கா. பூஜ்ஜியம்.